147 யாருடைய நம்பர்?

எண்பதுகளின் கடைசி. பதுளையில் தேயிலைத் தோட்டங்களுக்கான வட்டார அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் காலை மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, அந்த ஆபீஸைப் பார்க்கும் பெரிய கிளாக்கர் போன் எடுத்தார்.

"தம்பி, வயசு முடிஞ்சுதுன்னு புஷ்பராணி பேரு வெட்டச் சொல்லி கடிதம் அனுப்பியிருக்கீங்க. அந்தப் புள்ளைக்கு இருபத்திரெண்டு வயசுங்க."

பெயரை வெட்டினால் வேலை போகும், பிறகு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பயந்துதான் போனேன். ஆனாலும் இது எப்படி நடந்தது என்று பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

என்னிடம் இரண்டு டேபிள்கள் இருந்தன. ஒன்றில் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றிய பிறந்த வருடங்கள். மற்றதில் இந்த மாதச் செக்ரோல், அதாவது சம்பளப் பதிவேட்டுப் பெயர்கள். தொழிலாளியின் நம்பர்தான் இரண்டையும் இணைக்கும் கீ. கடிதத்தில் இருந்த நம்பர் 147ஐத் தட்டினேன். பெயர் புஷ்பராணி, வயது அறுபது. கடிதம் அனுப்புமுன் தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செய்யவில்லை.

மறுநாள் பசறை வழியாகத் தோட்டத்துக்கு பஸ் ஏறினேன். 147 யாருடைய நம்பர் என்று கேட்டதும் கிளாக்கர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அது அவ அம்மா நம்பருங்க. அம்மா இந்தியாவுக்குப் போனப்ப மகளுக்குக் குடுத்தோம். இங்க அப்படித்தானே வழக்கம்."

இவ்வளவுதானா என்று அங்கேயே செக்ரோலில் அவளுக்கு 612 என்று புது நம்பர் எழுதினேன். கொழுந்துக் கூடையோடு வந்த புஷ்பராணியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"வேணாங்க ஐயா. அம்மா எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்த நம்பர் ஒண்ணுதான். அதையும் எடுத்துறாதீங்க."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. வெட்கமாக இருந்தது. 612ஐக் கோடு போட்டு அடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த வாரம் டேபிள்களை மாற்றினேன். ஆளுக்கொரு உள் நம்பரைக் கம்ப்யூட்டரே போடும். வெளியே யாருக்கும் அது தெரியாது. ஆள் விலகினாலும் இன்னொருவருக்குப் போகாது. அதுதான் கீ. தோட்டத்து நம்பர் பெயரைப் போல டேபிளில் இன்னொரு விவரம், அவ்வளவே. கடிதம் ரத்தானது.

டேபிள் அமைக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். மனிதர்கள் கைமாற்றிக்கொள்ளும் எதையும் கீயாக வைக்காதீர்கள். அது அவர்களுடையது.

மாதக் கடைசியில் கிளாக்கர் மறுபடி போன் எடுத்தார்.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல நூத்தி நாப்பத்தேழுன்னு கூப்பிட்டேங்க. மலை முழுக்கக் கேக்குற மாதிரி 'ஆமாங்க'ன்னுச்சு அந்தப் புள்ள."