தையல்கார அக்கா வார்டுக்குள் வந்தால்

குழந்தைகள் வார்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார் தையல்கார அக்கா. முன்பெல்லாம் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே தாய்மார்கள் படுக்கையைச் சுற்றியுள்ள திரையைச் சர்ர், சர்ரென்று இழுத்து மூடிக்கொள்வார்கள். எதற்குப் பயமுறுத்துவானேன் என்று வெறுங்காலோடு வரத் தொடங்கினார். அது இன்னும் மோசம். இப்போது திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்கிறார்.

பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. பிழைப்பது கஷ்டம் என்றாகிவிட்ட குழந்தைக்கு மேற்கொண்டு என்ன செய்வது, எந்தக் கருவியை நிறுத்துவது என்று மருத்துவர்கள் கூடிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில், ஆஸ்பத்திரி கேட்டுக்கொண்டபடி, பெற்றோர் சார்பில் உட்காருகிறவர் தையல் கடை வைத்திருக்கும் இந்த அக்கா. குழந்தையின் அம்மாவையோ அப்பாவையோ கையோடு அழைத்துப் போவதும் அவர் வேலைதான். அவர் வந்துபோன படுக்கை பெரும்பாலும் சீக்கிரமே காலியாகிவிடும். ஆகாமல் என்ன செய்யும்? கைமீறிய பிறகுதானே அவரையே கூப்பிடுகிறார்கள்! ஆனால் வார்டின் கணக்கு வேறு. அக்கா வந்தார், குழந்தை போயிற்று.

"அக்கா வந்தா ஃபேன்கூட நின்னுடுது," என்று நர்ஸ் கேலி செய்வாள். அக்காவும் சிரிப்பார். சிரித்துவிட்டு ஃபேனை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். "சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா." கடையில் கால்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், மிஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

பிறகு ஏன் விட்டுத் தொலைக்காமல் வருகிறார்? "என் பையன் இதே மாதிரி கடைசியாக் கெடந்தப்ப, எல்லாத்தையும் உள்ள பேசி முடிச்சுட்டு, வெளிய வந்து எங்கிட்ட சொன்னாங்க. அவங்க எடுத்த முடிவு சரிதான். இன்னைக்கும் சரின்னுதான் சொல்வேன். ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கல. பெத்தவ நான், செவுத்துல சாஞ்சு நின்னுட்டிருந்தேன்." இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அன்று மத்தியானம் கடைசிப் படுக்கைக்கு வந்திருந்தார். பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு பெண்ணின் நாலு வயது மகள் அங்கே மூச்சுக் கருவியில் கிடந்தாள். வரிசை முழுக்கத் திரைகள் மூடியிருந்தன. மனிதக் குரலே இல்லை. ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு கருவி மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"உள்ள வராதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்," என்றது திரைக்குள்ளிருந்து குரல்.

"வரலம்மா. நீ வெளிய வா. இல்லேன்னா நீ இல்லாமலே பேசி முடிச்சுடுவாங்க."

"என் வாயால நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்வேன்?"

"யாரு உன்னை அப்படிச் சொல்லச் சொன்னா? கேள்வி கேளு. வேணாம்னா வேணாம்னு சொல்லு. சண்டை போடு. ஆனா போய் உக்காரு."

திரை அசையவில்லை. இவள் வரமாட்டாள் என்றே நினைத்தார் அக்கா.

"இவள யாரு பாத்துக்குவா? தனியா விட்டுட்டு வரமாட்டேன்."

நர்ஸ் இன்னொரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நான் இருக்கிறேன் என்று அக்கா எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்?

திரை விலகியது. அந்தப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அந்தக் கையை மகளின் நெஞ்சின்மேல் வைத்து, தன் கையால் ஒருமுறை அழுத்திவிட்டு, கூட்டம் நடக்கிற அறையைப் பார்த்து நடந்தாள்.