மார்க் அக்காவின் அப்பா

மார்க் அக்காவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வார்டு வார்டாகப் போய், கூப்பிட்டதும் நர்ஸ் வந்தாரா, டாக்டர் நின்று பேசினாரா என்று நோயாளிகளைக் கேட்டுப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் வாங்குவதுதான் ஆஸ்பத்திரியில் அவள் வேலை. பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. சமையலுக்குக் கணவன் ஒன்பது என்றால், அந்த ஒன்று எங்கே போனது என்று விடிய விடியப் புரளுவாள்.

ஆண்கள் வார்டு திடீரென்று பத்து பத்தாக அள்ளி வீசியது. போன வாரம்வரை மூக்கால் அழுத வார்டு. மேலாளருக்கு வாயெல்லாம் பல். அவளுக்கோ நம்பிக்கை வரவில்லை. பாதி ஃபேன் ஓடாத இடத்தில் ஒரு மனுஷனுக்குக்கூடவா குறை இல்லை? குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அவள் அப்பாவும் அங்கேதான் கிடந்தார். உட்கார முடியாமல் எழுந்து போனாள்.

காலில் மாவுக்கட்டோடு கிடந்த பக்கத்துப் படுக்கை டிரைவர் சிரித்துக்கொண்டே ரகசியத்தை உடைத்துவிட்டார். பழைய தையல்காரரான அப்பா, மயக்கம் தெளிந்ததுமே படுக்கை படுக்கையாக ஓட்டுக் கேட்டிருக்கிறார்.

"என் பொண்ணுதான் மார்க் எடுக்கறவ. கொறைச்சு சொல்லி அவ வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்கன்னு கெஞ்சினாரும்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கிய மதிப்பெண் அத்தனையும் குப்பை. ஆனால் மார்க் குறைந்தால் முதலில் என் சீட்டுத்தான் கிழியும் என்று அப்பா காதுபடப் புலம்பியதும் அவளேதான்.

நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திரும்பியபோது சிஸ்டர் வந்து, வலி பத்துக்கு எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டார்.

"சைபர்ம்மா," என்றார் அப்பா, சிரித்தபடி. நேற்றிலிருந்து இதே பதில்தானாம்.

அவர் சட்டைக் காலர் வேர்வையில் ஊறியிருந்தது. அவள் அப்பாவின் வயிற்றில் கை வைத்தாள், கல்லாக இருந்தது. அப்பா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வலிக்குச் சொல்லும் எண்ணும் அவள் மார்க் கணக்கில்தான் சேரும் என்று இந்த மனுஷன் நினைத்துவிட்டார்.

"அப்பா, நிஜத்தைச் சொல்லுங்க. எவ்வளவு வலிக்குது?"

அப்பா வாசல் பக்கம் பார்த்துவிட்டு, அவளை அருகில் இழுத்து ரகசியமாகக் கேட்டார்.

"எவ்வளவு சொன்னா உனக்கு ஒண்ணும் ஆகாது?"