கீழே இன்னொரு கையெழுத்து

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிடுகிறவள் நான். "காலுல வெந்நிய ஊத்திக்கிட்டவ" என்று அம்மா சொல்லுவாள். அப்பாவுக்கோ எதிலும் அவசரம் கிடையாது. குளித்துவிட்டுத் தலை துவட்டவே கால் மணி நேரம் ஆகும். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒன்றாகக் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனோம். ஒருவரை ஒருவர் கடலில் தள்ளிவிடாமல் போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம்.

போனது கல்யாணத்துக்கு. அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, பினாங்கில் வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. நீல நிற விமானக் கடிதாசி மட்டும் வரும், போகும். எது நடந்தாலும் அப்பா "இங்கு அனைவரும் நலம்" என்றுதான் எழுதுவார். அத்தை மகளுக்கு மாசியில் கல்யாணம், தாய்மாமன் வந்து சீர் வைத்தாக வேண்டும் என்று கடிதாசி வந்தபோது அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தார். சம்பா அறுத்து விற்ற காசு கையில் இருந்தது. நான் குடவாசல் பக்கத்தில் ஒரு யூனியன் பள்ளியில் டீச்சர், என்னிடமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. மூன்று பவுனில் ஒரு சங்கிலி, ஒரு பட்டுப் புடவை என்று பேசி முடித்தோம். தாம்பாளத்தில் அது இருந்தால்தான் தாய்மாமன். இல்லாவிட்டால் சாப்பிட வந்த ஆள்.

பணம் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் தெரியவில்லை.

நகையாகவே வாங்கிக்கொண்டு போகலாமென்றால், கழுத்தில் கிடப்பதைக்கூட சுங்கத்தில் எழுதிக்கொண்டு, திரும்பி வரும்போது இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ரூபாய் நோட்டைக் கட்டி எடுத்துப்போக முடியாது. அத்தையின் புருஷன் நல்ல மனுஷர். "வெறுங்கையோட வாங்க, இங்க ஆகுறத நான் பாத்துக்கறேன், பிறகு சாவகாசமா ஊர்ல நம்ம ஆளுங்ககிட்ட குடுத்துடுங்க" என்று எழுதியிருந்தார். எனக்கு அது சுலபமான வழியாகத்தான் பட்டது. அப்பா ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார்.

"மாப்பிள்ளை காசுல மாப்பிள்ளை மவளுக்கு நான் சீர் வைக்கிறதா? அதுக்கு நான் எதுக்கு? என் சட்டையப் பந்தக்கால்ல மாட்டி வச்சா போதுமே."

அடுத்த வழி கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்காரர். அவரிடம் ரூபாயைக் கொடுத்தால் பினாங்கில் அவருடைய ஆள் வீட்டுக்கே வந்து வெள்ளியாகக் கொடுத்துவிடுவாராம். அங்கத்திய பணத்தை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர் குடத்தையும் அண்டாவையும் ஒதுக்கி எங்களுக்கு உட்கார இடம் பண்ணினார்.

"பேப்பரு கீப்பரு ஒண்ணும் வேணாங்க. நான் சொல்லி அனுப்புனா அங்க குடுத்துடுவாங்க."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேப்பர் இல்லை என்பதே அவருக்குப் போதும். நான் அவர் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தேன்.

"மாட்டிக்கிட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. என் வேலை போயிடும். கவர்மெண்ட்டுக்கு எழுதிக் குடுத்துதான் பாஸ்போர்ட்டே வாங்கியிருக்கேன்."

"பேப்பர் இருந்தாதான் ஆயி மாட்டுவோம்" என்றார். என்னை ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

அவர் பேப்பருக்குப் பயந்ததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். நான் பத்தாவது படிக்கும்போது நடந்தது. யார் உழுகிறாரோ அவர் பெயர் குத்தகை ஏட்டில் ஏறும் என்று சர்க்கார் சொல்லி, மைக் கட்டிய ஜீப்பில் வந்து கூவினார்கள். தஞ்சாவூர் ஜில்லா முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு ஊரில் அறுப்புக்கு அரிவாளோடு போலீசும் வந்து நிற்கும், இன்னொரு ஊரில் களத்து நெல்லுக்குக் கோர்ட்டில் தடை வாங்கியிருப்பார்கள். அப்பா ஒரு மிராசுதாரிடம் எட்டு மா நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். பதியப் போன இடத்தில் மிராசுதாரின் காரியஸ்தர் ஒரு பழைய பத்திரத்தை எடுத்து நீட்டினார். ஐந்து மாவை அப்பா முன்பே தன் சம்மதத்தோடு விட்டுக் கொடுத்துவிட்டார், அதில் இப்போது கூலிக்குத்தான் உழுகிறார் என்று அதில் எழுதியிருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து.

சர்க்கார் பேப்பரைப் படித்து விளக்குவதற்காக என்னையும் கூட்டிப் போயிருந்தார். தாசில்தார் கேட்டதும் அப்பா சொன்னதும் இன்றைக்கும் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"கையெழுத்து உன்னோடதுதானே?"

"என்னோடதுதாங்க. நான் போட்டப்ப அது வெத்துப் பேப்பருங்க. மேல உள்ளதெல்லாம் பின்னாடி எழுதுனது."

"வெத்துப் பேப்பர்னு கண்ணால பாத்தவங்க யாராச்சும் உண்டா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "யாரும் பாக்கலங்க."

ஐந்து மா போயிற்று. மூன்று மா மிஞ்சியது. திரும்பி வரும்போது சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "வெத்துப் பேப்பர்ல யாராச்சும் போடுவாங்களா? அறிவு வேணாம்?" என்று வழியெல்லாம் கத்தினேன். அவர் பெடலை மிதித்துக்கொண்டே வந்தார். பெற்ற அப்பாவை முட்டாள் என்று நினைக்க ஆரம்பித்த நாள் அது. எத்தனையோ வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த மனுஷரைத்தான் கும்பகோணத்தில் ஒரு பேங்குக்கு இழுத்துப் போனேன். அங்கே டிராவலர்ஸ் செக் என்று ஒன்று கொடுத்தார்கள். வெளிநாடு போகிறவருக்கு இவ்வளவுதான் என்று சர்க்கார் அளந்து கொடுத்த காலம், அதுவும் ஆளுக்கு ஆள் தனித்தனியாக. என் பாஸ்போர்ட்டுக்குப் பாதிப் பணம், அப்பா பாஸ்போர்ட்டுக்குப் பாதி. அவர் பேரில் உள்ளதற்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கவுண்ட்டரில் இருந்தவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

"மேல இந்தக் கோட்டுல இப்ப எங்க முன்னாடி போடணும். கீழ இந்தக் கோட்டுல அங்க போய்ப் போடணும்."

அப்பா பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "கீழ காலியா இருக்கே."

"காலியாதாங்க இருக்கணும்."

"வேணாம் ஆயி, வா போவோம்."

அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டோம். வழியில் பாபநாசம் பஸ்ஸில் ஏற வேண்டியவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு பஸ் ஸ்டாண்டில் நான் சண்டை போட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது, சரி. அதற்காகக் கல்யாணத்துக்கும் போகாதா? அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டு மறுபடி கூட்டிப் போனேன். என் தாள்களில் அரை நிமிஷத்தில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, குடவாசல் பஸ் வந்துவிடுமே என்று வாசலுக்கும் கவுண்ட்டருக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்பா அந்த அதிகாரியிடம் குறுக்கு விசாரணை பண்ணிக்கொண்டிருந்தார்.

"கீழ நான் போடலன்னா?"

"வெறும் காகிதங்க."

"வேற ஒருத்தன் கையில கெடைச்சா?"

"அவனுக்கும் வெறும் காகிதந்தான். நீங்க போடறத அங்க உள்ளவங்க கண்ணால பாக்கணும். பாத்தாதான் காசு."

"பாத்தாதானா?"

"பாத்தாதாங்க."

அப்பா பேனாவை எடுத்தார். எட்டுத் தாள். நாற்று நடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக ஊன்றி ஊன்றிப் போட்டார். அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

நாகப்பட்டினத்தில் படகில் போய்த்தான் கப்பலில் ஏற வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பினாங்கு சேரும் என்றார்கள். பாதிக் கடலில், மத்தியானத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கப்பலுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. அங்கே பேங்க் மூன்று மணிக்கு மூடிவிடும் என்று கூட வந்தவர்கள் வேறு சொன்னார்கள். மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். சாயங்காலத்துக்குள் பணம் மாற்றினால்தான் நகைக்கடை. அப்பா ஒரு கையெழுத்துக்கு மூன்று நிமிஷம் என்றால் எட்டுக்கு எவ்வளவு என்று மேல்தளத்தில் நடந்து நடந்து கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பள்ளியில் வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து வியாழக்கிழமையே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிற ஆட்கள் நாங்கள். என் தாள்களை எடுத்து மடியில் வைத்து எல்லாவற்றிலும் கீழே போட்டு முடித்தேன். பேனாவை அப்பாவிடம் நீட்டினேன்.

"அவங்க பாக்கத்தானே போடணும்னாரு?"

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றது. போடுங்க, நேரம் மிச்சம்."

"நான் போட மாட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "போடக் கூடாத எடத்துல போட்டுத்தான் அஞ்சு மா போச்சு. போட வேண்டிய எடத்துல மட்டும் கை வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்பா தாள்களை இடுப்புப் பெல்ட்டின் பையில் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பினாங்கு வரும்வரை என்னோடு பேசவில்லை.

துறைமுகத்தில் அத்தை தனியாக வந்து நின்றாள். வீட்டில் எல்லோருக்கும் கல்யாண வேலை. அண்ணன் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. "வீட்டுக்குப் போவோம்ணே, சோறு ஆறிடும்" என்றாள். "மொதல்ல பேங்குக்குப் போவணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். டாக்சியில் போய் இறங்கியபோது மூன்றுக்கு இருபது நிமிஷம் இருந்தது.

கவுண்ட்டரில் ஒரு சீனப் பெண். நான்தான் முதலில் போனேன். தாள்களைத் தள்ளினேன். அவள் ஒன்றைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள், எல்லாவற்றையும் அடுக்கி என் பக்கமே தள்ளிவிட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சண்டைக்குப் போனேன். அத்தை குறுக்கே வந்து மலாயில் கேட்டுச் சொன்னாள்.

"நீ கீழ போட்டத யாரு பாத்தாங்கன்னு கேக்குறா."

"அப்பா பாத்தாரு."

"அவரு பாத்தா ஆவாதாம். அவ பாக்கணுமாம். ஊருக்குத் திரும்பிப் போயி, வாங்குன எடத்துலதான் கேக்கணுமாம்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். சங்கிலி போயிற்று. இனி அப்பாவின் பாதியில் ஒரு மோதிரமும் புடவையும்தான் வரும், அதுவும் அவர் எட்டையும் போட்டு முடிக்கிற வரைக்கும் பேங்க் திறந்திருந்தால். வாசலில் காவல்காரர் இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டிருந்தார்.

அப்பா பெல்ட்டின் பித்தானைக் கழற்றித் தாள்களை எடுத்தார். இடது உள்ளங்கையால் முதல் தாளின் மேல் பாதியை மூடிக்கொண்டார்.

"போட்ட பொறவு மேல வேற எதாச்சும் எழுதுவாங்களான்னு கேளு" என்றார் தங்கையிடம்.

அத்தை கேட்டாள். அந்தப் பெண் இல்லையென்று தலையாட்டினாள். அப்பா போட ஆரம்பித்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தை சிரித்தாள். "அண்ணன் கையெழுத்துப் போட்டு நான் பாக்குறது இது ரெண்டாந்தடவ" என்று என்னிடம் சொன்னாள். "எங் கல்யாணத்துக்கு நெல்லு வேணும்னு மிராசு வீட்டுக்குப் போனோம். மூட்டை தூக்கிவிட நானும் கூடப் போனேன். காரியஸ்தர் ஒரு பேப்பர நீட்டி, போடுன்னாரு. ஒரு எழுத்து இல்ல அதுல, வெள்ளையா இருந்துச்சு. பேனாவுல மை வரல, நான்தான் உதறிக் குடுத்தேன். தாவணியெல்லாம் மையி."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "நீங்க பாத்தீங்களா அத்தை?"

"பக்கத்துலதான நின்னேன்."

தாசில்தார் முன்னால் அப்பா பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பார்த்தவள் இருந்தாள். அவளைச் சொன்னால் அவளுக்கு எழுதிக் கேட்க வேண்டும். எழுதினால் அந்த ஐந்து மா எதற்காகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இங்கு அனைவரும் நலம் என்று எழுதிவிட்டார். நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

வாயைத் திறந்தேன். அப்பா தாளிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார். பிறந்ததிலிருந்து வாயை அடக்கியறியாத நான் அன்றைக்கு அடக்கினேன்.

"அந்தப் பேப்பரு என்னண்ணே ஆச்சு?" என்று அத்தை கேட்டாள்.

"அது அப்பவே முடிஞ்சு போச்சு. நீ இதப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை இழுத்து வைத்தார்.

அத்தை அவர் தோளோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டையும் அவர் போட்டு முடிக்கும்வரை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.