ஹொசகோட்டை ஏரிக்கரையில் நின்ற கார்

எங்கள் அப்பாவுக்கு ஒரு பழக்கம். சர்ச்சுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும், காரை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு காப்பி நிறச் சாமானை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அதற்கு ரோட்டர் என்று பெயர். அது இல்லாவிட்டால் சாவியை எத்தனை திருகு திருகினாலும் வண்டி இருமுமே தவிர எழுந்திருக்காது. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் ஒரு கார் திருடுபோன பிறகு வந்த பழக்கம். பூசையில் அவர் முழங்காலிடும்போது பையில் ஜெபமாலையும் ரோட்டரும் உரசிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்கும். எங்கள் கிழட்டுக் காரைத் திருட வருகிறவன் முதலில் தள்ளப் பழகிக்கொண்டு வரட்டும் என்பாள் அம்மா.

அந்தக் காரில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியை ஏற்றிக்கொண்டு கோலார் தங்கவயலுக்குக் கிளம்பினோம். முறைப்படி பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார்தான் வர வேண்டும். ஆனால் மாப்பிள்ளைக்கு லீவு முடிந்துவிட்டது, அன்று ராத்திரியே துபாய்க்குக் கிளம்புகிறார். பொழுது சாய்வதற்குள் நாமே பெண்ணைக் கூட்டிப்போய் வார்த்தை கொடுத்துவிடலாம் என்று பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், முடிவு கட்டிவிட்டார். சித்தி தன் டீச்சர் வேலையை விட வேண்டும் என்பதும் அந்த வார்த்தையில் சேர்த்தி. வேண்டாம் என்று சித்தி சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதது கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கேட்டிருக்கும். மச்சானை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அப்பாவுக்கு இல்லை.

ஹொசகோட்டை ஏரியைத் தாண்டும்போது பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அப்பா ஒரு நீலகிரி மரத்தடியில் ஓரங்கட்டினார். ரேடியேட்டர் கொதித்துவிட்டது, ஆறட்டும், தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். மாமா கேனைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார். அப்பாவும் கூடப் போகக் கிளம்பியவர், திரும்பி வந்து ரோட்டரை உருவினார். நாங்கள் மூன்று பேர் உள்ளே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது யார் திருடப்போகிறார்கள்? பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். புதுச் சட்டை கறையாகிவிடும் என்று அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சித்தியிடம் கொடுத்தார். “வச்சிரும்மா” என்றார், அவ்வளவுதான். முன் சீட்டில் அம்மா ஜெபமாலை சொல்லியபடியே தூங்கிப் போயிருந்தாள்.

தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கார் கிளம்பவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் எனக்கு அரைத் தூக்கத்தில் கண்டது போலத்தான் ஞாபகம். சித்தியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். இலை வாசனை. ஏரியில் கொக்குகள் எழும்பி, ஒரு சுற்று வந்து, அதே இடத்தில் இறங்கின. மேகங்கள் ஜன்னல் வழியே ஊர்ந்துபோயின. எங்கோ தூரத்தில் நடப்பது மாதிரி அப்பா ஹாரன் அடித்துப் பார்த்தார், அடித்தது. விளக்கைப் போட்டார், எரிந்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது, அப்படியானால் பெட்ரோல்தான் என்று குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். பெட்ரோல் வந்தது. பிளக்குகளைக் கழற்றி, துடைத்து, பேப்பர் விரித்து வெயிலில் வற்றல் காயவைப்பதுபோல் காயவைத்தார். மாமா பக்கத்தில் நின்று யோசனைமேல் யோசனை சொன்னார். அவர் கை டிஸ்ட்ரிபியூட்டர் மூடிப் பக்கம் போனபோது மட்டும் அப்பா பதறிப்போய்த் தட்டிவிட்டார். “ஐயோ மச்சான், ஷாக் அடிக்கும்!”

ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, ஏனாயித்து சார் என்று கன்னடத்தில் விசாரித்தபடி இறங்கப் பார்த்தார். ஏனூ இல்ல, நீவு ஹோகி, ஒன்றுமில்லை நீங்கள் போங்கள் என்று அப்பா சிரித்தபடி அனுப்பிவிட்டார்.

எனக்கோ நாக்கு துறுதுறுத்தது. ரோட்டர் கைக்குட்டையில் இருக்கிறதே! எழுந்து “அப்பா” என்று ஆரம்பித்தேன். சித்தி சட்டென்று என் வாயில் ஒரு பெப்பர்மிண்டைத் திணித்தாள். அவளுடைய இன்னொரு கை அந்த முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தது. சில்லென்று இருந்தது அந்தக் கை. நான் மறுபடி படுத்துக்கொண்டேன்.

வெயில் மஞ்சளாகி, ஏரி செம்பு நிறமாகிவிட்டது. மாமா மைல்கல்லின்மேல் உட்கார்ந்து, “இனிமே போயி என்னத்த? மாப்ள கிளம்பிருப்பாரு” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா பிளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டு, பழைய துணியில் நிதானமாகக் கை துடைத்தார். பின் ஜன்னலுக்கு வந்து, சித்தியின் முகத்தைப் பார்க்காமல், உள்ளே கையை நீட்டினார். சித்தி முடிச்சை அதில் வைத்தாள். அப்பா பானெட்டுக்குள் குனிந்து நிமிர்ந்தார். ஒரே திருகில் வண்டி கிளம்பிவிட்டது.

“பிளக்குல அழுக்கு” என்றார் அப்பா. காரை பெங்களூர் பக்கம் திருப்பினோம். வழியெல்லாம் சித்தி என் தலையைக் கோதிக்கொண்டு ஏதோ முணுமுணுவென்று பாடினாள். அவள் அந்தப் பள்ளிக்கூடத்தை விடவேயில்லை. பிறகு தனக்குப் பிடித்தவரையே கட்டிக்கொண்டாள். ஒரு பிளக் துடைக்க ஒரு மத்தியானம் பிடித்த கதையை மாமா கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் கூடவே சிரிப்பார்.

அன்றைக்கு எனக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. கொடுத்ததை மறந்துவிட்டு வெயிலில் அப்படித் திண்டாடினாரே! அவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று அந்த மறதியை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. மறந்த மனுஷன், தேடாமல், கேட்காமல், நேராகச் சித்தியிடம் எப்படிக் கையை நீட்டினார் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.