புறங்கையால் தொட்டுப் பார்ப்பவர்

எங்கள் அண்ணி எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். ஃப்ரிட்ஜ் கதவு, இஸ்திரிப்பெட்டி, குளியலறைக் குழாய், ஒருமுறை காய்ச்சலில் கிடந்த என் நெற்றி. விரல்களை லேசாக மடக்கி ஒரு தட்டு தட்டுவார், அப்புறம்தான் பிடிப்பார். மின்சாரப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு டெஸ்டிங் வேலை. உள்ளங்கையால் தொட்டு ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கி அதையே இறுக்கிக்கொள்ளுமாம். புறங்கை என்றால் கை உள்ளே இழுத்துக்கொண்டு தப்பித்துவிடும்.

அங்கே வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. ரத்த அழுத்தம் கூடியிருந்தால் டெஸ்டிங்கிலிருந்து தூக்கி பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள்.

"அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டவா நான் இத்தனை வருஷம் ஷாக் வாங்கினேன்?" என்று ஒரு வாரமாகவே புலம்பிக்கொண்டிருந்தார் அண்ணி. அந்தக் கலக்கத்தில்தானோ என்னவோ, பரிசோதனைக்கு முந்தின நாள் மத்தியானம், என்றுமில்லாத திருநாளாக, "ஏதாச்சும் கவிதை படியேன் தம்பி, கேக்கலாம்" என்றார். படித்தேன். சாயங்காலம் அடுத்த ஆச்சரியம்.

"நாளைக்கு உங்க அண்ணனுக்கு ஷிஃப்ட். நீ துணைக்கு வா."

கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிற என்னை நம்பி ஒருவர் துணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பரிசோதனை அறையில் முதலில் பார்த்தபோது அழுத்தம் எகிறியிருந்தது. "வெளிய கொஞ்சம் உக்காந்துட்டு வாங்க. மறுபடியும் இப்படியே இருந்தா நான் எழுதித்தான் ஆகணும்" என்றார் நர்ஸ்.

வராந்தா பெஞ்சில் அண்ணி முகம் செத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வாயில் வந்தது அகராதிதான்.

"அண்ணி, ஃபிரெஞ்சில வோல்டேஜுக்கு 'தான்சியோன்'னு பேரு. இந்த பிரஷருக்கும் அதே வார்த்தைதான்."

"ம்."

"ஸ்பானிஷ்லயும் அப்படித்தான். ஜெர்மன்ல 'ஷ்பானுங்'. வோல்டேஜும் அதான், கதை படிக்கிறப்போ அடுத்து என்னன்னு அடிச்சுக்குமே, அந்தப் படபடப்பும் அதான்."

"நம்மகிட்ட?"

"மின்னழுத்தம், ரத்த அழுத்தம், மன அழுத்தம். எல்லாமே அழுத்தம்தான்."

"உங்க அண்ணனையும் சேத்துக்க. வாயே திறக்காத அழுத்தக்காரர்" என்று சொல்லிவிட்டு அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

சொல்லின் ஆழத்தில் மூழ்கிவிட்டார் என்றே நினைத்தேன். சும்மா இருப்பேனா? நான் எழுதிய கவிதை ஒன்றையும் அடிக்குரலில் எடுத்துவிட்டேன். இருட்டு, மௌனம், உடைந்த கண்ணாடி எல்லாம் அதில் உண்டு.

நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். அளவு கச்சிதமாக இறங்கியிருந்தது.

"மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

அண்ணி என்னைக் கைகாட்டிச் சிரித்தார். ஒரு வாரத்துக்கு என் கால் தரையில் பாவவில்லை. கவிதை நேராக ரத்தத்தில் கலந்து வேலை செய்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

அண்ணி இன்றும் டெஸ்டிங்கில்தான் இருக்கிறார். பல மாதம் கழித்து, அந்தப் பெருமையை அண்ணனிடமே அளந்தபோது அந்த அழுத்தக்காரர் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கு எனக்கு லீவுடா. நான் வர்றேன்னுதான் சொன்னேன், அவதான் வேணாம்னுட்டா. நீ படிச்சா நாலாவது வரியில தூக்கம் வந்துருதாம். முந்தின நாளே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கா."