சைக்கிள் சக்கரத்துக்குள் வைக்கோல்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். துறையூர்ப் பக்கத்தில் நான் அம்மை குத்தும் வேலையில் இருந்தேன். எங்கள் ஆபீசில் சொந்தமாக சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கொல்லிமலையில் தேவனூர் நாடு என்ற பகுதியில் உள்ள சிற்றூர் ஒன்றில், இரண்டு வீடுகளில் அம்மை கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. மருந்துக் குழாய்களை ஈரத்துணியில் சுற்றி, சிறு மண்கலயத்தில் வைத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன். அந்த மருந்து வெயில் தாங்காது. அன்றே குத்தியாக வேண்டும்.

மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இன்னும் ஐந்தாறு மைல் இருக்கும்போது பின்சக்கரம் வெடித்தது. டியூபில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். ஏற்கெனவே ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட டியூப் அது. போர்க்காலத்தில் புதிது எங்கே கிடைக்கும்? வண்டிப்பாதை ஓரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

சந்தையில் மிளகு விற்றுவிட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண் அருகில் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும்.

"ஏனுங்க, இந்தச் சக்கரத்துக்குள்ள என்னங்க இருக்கும்?"

"காற்று" என்றேன், எரிச்சலோடு.

"காத்துதானுங்களா? அது போச்சுன்னா வேற எதையாச்சும் திணிச்சா ஓடாதுங்களா?"

அன்றே மலையேறியாக வேண்டும் என்று சொன்னேன். அவர் பக்கத்துக் களத்தில் கேட்டு ஒரு கட்டு வைக்கோல் வாங்கிவந்தார். வாய்க்கால் நீரில் நனைத்து, மணிக்கட்டுத் தடிமனில் கயிறுபோலப் பிரி திரித்தார். நான் டயரை நெம்பிக் கொடுத்தேன். டியூப் இருந்த இடத்தில் பிரியை இறுக்கித் திணித்தார். அதற்குமுன் சைக்கிளைத் தொட்டதே இல்லையாம்.

ஏறி மிதித்தேன். எலும்பெல்லாம் குலுங்கியது, ஆனால் வண்டி ஓடியது.

"நீங்க முன்னால போங்க. புளியஞ்சோலை ஆத்தங்கரைக்கு நான் வந்துடறேன். மலையேற ஆள் தொணை வேணுமில்லீங்க" என்றார்.

வெகுநேரம் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வண்டிப்பாதை சுற்றி வளைந்து போயிற்று; வயல்களுக்குக் குறுக்கே நடந்து வந்தவர், எனக்கு முன்பே ஆற்றங்கரையில் நின்றிருந்தார். அதற்குமேல் ரோடு கிடையாது. சைக்கிளை அடிவாரத்தில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு, ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். கலயத்தை வாங்கி அவரே சுமந்தார். உள்ளே என்ன என்று கேட்டார். ஏறும் வழியெல்லாம் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனேன். சிற்றூரை நெருங்கும்போதுதான் அது அவருடைய ஊர் என்றே தெரிந்தது.

ஊரில் யாரும் கிட்டே வரவில்லை. ஊர்ப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா வந்திருக்கற நேரமுங்க. கத்தி, ஊசி எதுவும் ஆகாதுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றார். எத்தனையோ ஊர்களில் அப்படித் திரும்பியிருக்கிறேன். அன்றும் கலயத்தை எடுக்கக் குனிந்தேன்.

அந்தப் பெண் என் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"மொதல்ல எனக்குக் குத்துங்க. அப்பறம் எம் புள்ளைங்களுக்கு."

ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. சிறு கத்தியால் கையைக் கீறி மருந்து வைக்கும்போது அவர் முகம் சுளிக்கவில்லை. பிறகு பெரியவரிடம் திரும்பி, "வண்டி ஒடைஞ்சும் திரும்பிப் போகாம வந்திருக்காருங்க. நம்மளக் கெடுக்கவா இத்தன தூரம் வருவாரு?" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது.

எட்டாம் நாள் மறுபடி போனேன். அம்மை அந்த இரண்டு வீடுகளோடு நின்றிருந்தது. அவர் கம்பங்கொல்லையில் இருந்தார். கையில் கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. நன்றி சொன்னேன். "எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டுக் களையெடுக்கக் குனிந்துவிட்டார்.

அதுவரை ஜனங்கள் பயந்தால் அதட்டத்தான் தெரியும் எனக்கு. அந்த நாளுக்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், கேட்கிறவர் யாராக இருந்தாலும், முதலில் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுத்தேன்.