சகலப்பாடி வாங்கிய வெல்டிங் மெஷின்

செல்வதுரையைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு எழும்பாது. ஆனாலும் அவனைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பத்து வருஷமாக நான் அவனைக் கவனித்த அளவுக்கு அவன் பெண்டாட்டிகூடக் கவனித்திருக்க மாட்டாள். வயிற்றெரிச்சல்காரனுக்குக் கண் ரொம்பக் கூர்மை.

அவன் என் சகலப்பாடி. என் மனைவி ஈவாஞ்சலினின் தங்கை ஜெஸ்மியைக் கட்டியவன். தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். நான் பெனிஸ்டன், துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டிங் ஃபோர்மேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

எங்கள் மாமனார் நாசரேத்தில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்தான்: வாத்தியார்கள், மற்றவர்கள். கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்குப் பூ வேலை போட்ட இரும்புக் கேட் ஒன்று செய்து கொடுத்தேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பெயிண்ட் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறதோ என்று கேட்டார். பின்னாளில் செல்வதுரை அவர் வீட்டு ஃபேனுக்கு ஒரு கெப்பாசிட்டர் மாற்றினான். சின்ன மாப்பிள்ளையின் கைராசியைப் பற்றி மாமா ஒரு மாதம் கோயில் வாசலில் நின்று பேசினார்.

அவனிடம் குறை கண்டுபிடிக்கவும் முடியவில்லை, அதுதான் பெரிய எரிச்சல். என்னைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். வாய்க்கு வாய் அண்ணன் என்பான். என் மகள் ஸ்டெபி கணக்கில் ஒரு சந்தேகம் என்றால் என் கண் முன்னாலேயே சித்தப்பாவுக்குப் போன் போடுவாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

போன சித்திரையில் அவன் தருவைகுளத்து மீன் வியாபாரி ஒருவரிடம் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினான். ஏழெட்டு வருஷம் ஐஸ் மீன் ஏற்றிய வண்டி. உப்புத் தண்ணீர் வடிந்து வடிந்து, நடுச் சீட்டுக்குக் கீழே தரை விரிப்பைத் தூக்கினால் ரோடு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தகடு வைத்துத் தர முடியுமா என்று முதலில் என்னைத்தான் கேட்டான். ஓவர்டைம் இருக்கிறது என்றேன். ஓவர்டைம் ஒன்றும் இல்லை. அப்படியானால் தானே பழகிச் செய்துகொள்வதாகவும், எந்த மெஷின் வாங்குவது என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னான். இருபத்திரண்டு வருஷத்து வேலையை நாலு ஞாயிற்றுக்கிழமையில் பழகிவிடுவானாம். அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

விஷயம் இதுதான். ராடு மாட்டி அடிக்கும் ஆர்க் மெஷின் விலை குறைவு. ஆனால் கார்த் தகடு பப்படம் மாதிரி, பழகாத கையில் ராடு பட்டதும் பொத்துப்போகும். கம்பி தானாக ஓடிவரும் மிக் மெஷின்தான் அதற்குச் சரி. அதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றுக்கு கேஸ் சிலிண்டர் வேண்டும். இரும்பு உருகி ஒட்டும் பற்றில் வெளிக்காற்று படாமல் அந்த கேஸ் மூடிக்கொள்ளும், பற்று வழவழவென்று வரும். இன்னொன்றுக்கு கேஸ் வேண்டாம், கம்பிக்கு உள்ளேயே காற்றைத் தடுக்கும் மருந்து இருக்கும். புகையும் பொறியும் கிளம்பும், பார்க்க அசிங்கம். ஆனால் வெட்டவெளியில் அதுதான் நிற்கும்.

செல்வதுரையின் வீடு தருவைகுளம் ரோட்டில், உப்பளத்துக்குப் பக்கத்தில். ஷெட் கிடையாது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கச்சான் காற்று தொடங்கிவிட்டால் அவன் வீட்டுக் கொடியில் காயும் துணி உப்புப் பாத்தியில் போய்க் கிடக்கும். அந்தக் காற்றில் கேஸ் ஒரு நொடி நிற்காது. இது எனக்கு அ ஆ மாதிரி.

"கேஸ் மெஷினே வாங்குங்க தம்பி. பற்று வழவழன்னு வரும்" என்றேன்.

யாருக்கும் கேடு வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் ஒரே ஒரு தடவை மாமா முன்னால் தோற்று நிற்கவேண்டும். பிறகு என்னைக் கூப்பிடவேண்டும். நான் போய் அரை நாளில் முடித்துக் காட்டவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சொன்னதையே வாங்கினான். பத்து நாள் கழித்துப் போன் போட்டு, பற்றெல்லாம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வருகிறதே என்று கேட்டான். கை பழகவேண்டும், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். அதன் பிறகு போன் வரவில்லை. ஆடி மாதம் குடும்ப வாட்ஸப்பில் போட்டோதான் வந்தது. வேனின் தரை முழுக்கக் கறுப்புத் தார்ப் பெயிண்ட், மேலே புது சீட். ஸ்தோத்திரம், வாத்தியார் கை தொட்டதெல்லாம் துலங்கும் என்று மாமா எழுதியிருந்தார். பெயிண்டுக்கு அடியில் ஆப்பம் இருப்பது எனக்கல்லவா தெரியும். கைதட்டுகிற பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டேன்.

அதிலிருந்து மூன்று வாரத்தில் நாசரேத் கோயிலில் அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. எனக்கு அன்று டூட்டி. முந்தின நாள் மத்தியானம் ஈவாஞ்சலின் சோறு போட்டுக்கொண்டே, அவளும் ஸ்டெபியும் செல்வதுரை வேனில் போவதாகவும், நடுச் சீட்டை அவர்களுக்காக ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னாள். அந்தச் சீட்டின் போல்ட் இறங்கியிருப்பது அவன் பற்று வைத்த தகட்டில்தான். பஸ்ஸில் போங்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள். ரசம் ஊற்றச் சொன்னேன்.

"அவரு வண்டின்னாலே உங்களுக்கு வயிறு எரியுது. அதுக்காக நாங்க பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போகணுமா?" என்றாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பையில் ஒரு சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும். செல்வதுரை வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்தேன். தகட்டைத் தட்டினேன். கணீரென்றது. பெயிண்டைச் சுரண்டினேன். கரடுமுரடான பற்று, சுற்றிலும் பொரிப்பொரியாகத் தெறித்த இரும்பு. மருந்துக் கம்பியில் போட்ட பற்று. ஓர் ஓட்டை இல்லை.

வெளியே வந்தபோது அவன் கையில் ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு குத்தவைத்திருந்தான். தேதி, நேரம், காற்று, பற்று என்று நாலு பத்தி. காற்று ஓய்ந்த காலைகளில் பற்று நன்றாக வந்திருக்கிறது. கச்சான் வீசிய வேளையெல்லாம் ஓட்டை. காரணம் பிடிபட்டதும் மெஷினோடு வந்த புத்தகத்தைப் படித்திருக்கிறான். அதே மெஷினில் மருந்துக் கம்பி போட்டு, இணைப்பை மாற்றிக் கொடுத்தால் கேஸ் இல்லாமலே ஓடும் என்று இருந்திருக்கிறது. பழைய பற்றையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்திருக்கிறான். வாத்தியார் புத்தி.

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன்.

"நீங்களும் சொல்லியிருக்கலாம்லா அண்ணே" என்றான். "காத்துல கேஸ் நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு?"

"தெரியும்."

அவன் கோபப்படவில்லை. வாசலைப் பார்த்தான். அவன் மகள் ஜெப்ஸி பண்டிகைக் கவுன் போட்டுக்கொண்டு செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயசு.

"இன்னைக்கு ஸ்டெபி ஏறுதான்னுதான ஓடி வந்திய? இவ மூணு வாரமா இதுலதான் பள்ளிக்கூடம் போறா."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று வாரத்தில் அந்தப் பிள்ளையின் நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. ஜெஸ்மி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன்.

மத்தியானம் பட்டறையில் இருக்கும்போது போன் வந்தது. மாமா. கல்யாணமான பதினாலு வருஷத்தில் என்னிடம் பேசவென்று அவர் போன் போட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் அசனப் பந்தியின் இரைச்சல் கேட்டது.

"வேன் நல்லா ஓடுது மாப்பிள. மெஷின் நீங்க பாத்துச் சொன்னதாம்லா, சின்னவரு எல்லார்ட்டயும் சொல்லுதாரு. வேலன்னா நம்ம பெரிய மாப்பிளட்டதான் கேக்கணும்னு நானும் சொன்னேன்."

சரி மாமா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பதினாலு வருஷமாக நான் காத்துக் கிடந்த வார்த்தை. அதையும் எனக்கு அவன்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.